வெள்ளையடிக்க வேண்டாம், கசிவை நிறுத்துங்கள்

எங்கள் அரசு ஊழியர் குடியிருப்பு வளாகத்தின் பராமரிப்புக்குப் பொறுப்பான செயற்பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். சி பிளாக் இரண்டாம் தளத்தில், மேல்தளக் கசிவால் ஓதம் ஏறிப் பூஞ்சை படர்ந்துள்ள எங்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவர் தங்கள் அலுவலகத்துக்குப் புதிய செய்தி அன்று. ஆகவே முன்கதையை நீட்டாமல், இதைத் திறந்த மடலாக எழுதவைத்த குறுஞ்செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். "தங்கள் புகார் மீதான பணி நிறைவடைந்தது" என்று சென்ற வாரம் அது என் கைப்பேசிக்கு வந்தபோது, என் ஏழு வயது மகளின் முகத்தில் நெபுலைசர் முகமூடியைப் பிடித்தபடி மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன்.

நிறைவடைந்த பணி எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் பணியாளர் ஒருவர் ஒரு வாளி வெள்ளைப் பெயின்டும் ஒரு பிரஷ்ஷும் கொண்டுவந்தார். கை வைத்தால் உள்ளங்கை நனையும் அளவுக்கு ஓதம் ஏறியிருந்த சுவரில், உப்பிய பூச்சைச் சுரண்டாமல், கரும்பூஞ்சையைத் துடைக்காமல், அதன்மேலேயே இரண்டு கை அடித்துவிட்டு அரைமணி நேரத்தில் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் சொல்லப்பட்ட வேலை அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் காலை, வெள்ளைப் பரப்பினூடே எள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் எழுந்தன. இப்போது அவை பழைய அளவையும் தாண்டிவிட்டன.

அந்தச் சுவரில்தான் என் மகளின் உயரத்தை ஒவ்வொரு பிறந்தநாளிலும் பென்சிலால் கோடிட்டுக் குறித்துவந்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பூஞ்சை தலைகாட்டியபோது, அது பரவுவதைத் தங்களுக்கு எண்ணிக்கையோடு காட்டலாம் என்று எண்ணிய என் கணவர், மாதந்தோறும் அதன் விளிம்பைச் சுற்றியும் கோடு போட்டுத் தேதி எழுதத் தொடங்கினார். மேலிருந்து அது இறங்கியது, கீழிருந்து இவள் வளர்ந்தாள். பெயின்ட் இரண்டு வகைக் கோடுகளையும் ஒருசேர மறைத்துவிட்டது. பூஞ்சை திரும்பி வந்துவிட்டது; குழந்தையின் ஐந்து பிறந்தநாள்கள் திரும்பி வரவில்லை. இதற்கு யாரிடம் புகார் எண் வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: முதலில் மேல்தளக் குளியலறையின் கசிவை நிறுத்துங்கள், பிறகு சுவருக்கு வாருங்கள்.

கசிவு அங்கிருந்துதான் வருகிறது என்பதற்குச் சான்று கேட்கப்பட்டதால், சான்றும் கொடுத்தோம். மேல்வீட்டாரின் ஒத்துழைப்போடு, அவர்களுடைய குளியலறையில் நீர் வெளியேறும் வாயைத் துணியால் அடைத்து, வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் இரண்டு பாட்டிலைக் கரைத்துத் தரையில் தேக்கி, இரவு முழுவதும் விட்டுவைத்தோம். மறுநாள் காலை எங்கள் படுக்கையறைச் சுவர் கூரையைத் தொடும் இடத்தில் நீலக்கறை இறங்கியிருந்தது. அதன் படங்களைத் தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கியிருக்கிறேன். தளஓட்டின் அடியில் நீர்க்காப்பு அழிந்திருக்கலாம், அல்லது குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் விரிசல் விட்டிருக்கலாம். எது என்று கண்டறிவது பொறியாளர்களின் வேலை. நீலம் கரைக்கும் வரையிலான வேலையை நாங்கள் முடித்துவிட்டோம்.

அதற்குப் பிறகு பார்வையிட வந்த தங்கள் உதவிப் பொறியாளர், சுவரைவிட என் சமையலறையையே அதிக நேரம் பார்த்தார். தினமும் இட்லி அவிப்பீர்களா, மழைநாளில் துணியை வீட்டுக்குள் உலர்த்துவீர்களா, ஜன்னலைத் திறந்து வைப்பீர்களா என்று கேட்டுவிட்டு, "நீங்கள் புழங்கும் விதமும் ஒரு காரணம்" என்று குறிப்பெழுதிச் சென்றார். வீட்டுக்குள் உலர்த்தும் துணி காற்றின் ஈரப்பதத்தைக் கூட்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இட்லிப் பானையின் ஆவி, அடுப்புக்கு மேலே இருக்கும் சுவரை விட்டுவிட்டு, கூடத்தைக் கடந்து, படுக்கையறைக்குள் நுழைந்து, மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே உள்ள அந்த ஒரு மூலையை மட்டும் தேடிப் போய் அமர்கிறது என்றால், அது தமிழ்நாட்டு இட்லிகளிலேயே அபூர்வமான இட்லியாகத்தான் இருக்க வேண்டும். நீல நிற இட்லி வேறு.

மகளுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியபோது மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, வீட்டில் ஓதமான சுவர் உண்டா என்பது. இரைப்புக்குச் சுவர் ஒன்றுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் காலாண்டு விடுமுறையில் பாட்டி வீட்டில் பத்து நாள்கள் இன்ஹேலரைத் தொடாமல் இருந்தவள், திரும்பி வந்த மூன்றாம் இரவே தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடி தூங்கினாள். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்பவர்களுக்கு இருமல், மூச்சிரைப்பு, சுவாசத் தொற்று, ஆஸ்துமா ஆகியவை கூடுதலாக ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பூஞ்சை செத்தாலும் அதன் துகள்கள் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதால் அதை அகற்றத்தான் வேண்டும்; மூடிவைத்துப் பயனில்லை. ஈரம் வருவது நிற்காதவரை அகற்றியும் பயனில்லை. ஆகவேதான் மீண்டும் சொல்கிறேன்: முதலில் கசிவு, பிறகு சுவர்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. குறைந்த வாடகைக்கு விடப்படும் சமூகக் குடியிருப்பு ஒன்றில் இருந்த அவனுடைய தந்தை 2017இலேயே பூஞ்சை பற்றிப் புகார் சொன்னார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்பதே அவருக்குக் கிடைத்த அறிவுரை. வீட்டார் குளிக்கும் முறைமீதுகூடப் பழி போடப்பட்டது. வீட்டுப் பூஞ்சையை நீண்டகாலம் சுவாசித்ததால் வந்த கடும் சுவாச நோயே சாவுக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அதன்பின் அந்தக் குழந்தையின் பெயராலேயே அழைக்கப்படும் சட்டம் வந்தது. 2025 அக்டோபர் முதல், அங்குள்ள சமூகக் குடியிருப்புகளில் கடுமையான ஈரமும் பூஞ்சையும் பற்றிப் புகார் வந்தால் பத்து வேலைநாள்களுக்குள் ஆய்வு செய்தாக வேண்டும். நம் ஊரில் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று கேட்க இந்த மடல் இடமன்று. வெள்ளைப் பெயின்டும் புழங்கும் விதமும் கடல் தாண்டியும் ஒரே பாடமாக இருப்பதைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

வளாகத்தில் எங்கள் வீடு ஒன்றுதான் இப்படி என்றால்கூட மனம் ஆறும். ஏ பிளாக்கில் ஒருவர் பீரோவுக்குப் பின்னால் வைத்த பள்ளிச் சான்றிதழ்கள் பூசணம் பிடித்து ஒட்டிக்கொண்டுவிட்டன. எந்தச் சுவரைக் காட்டினாலும் "மதிப்பீடு அனுப்பியிருக்கிறோம், நிதி வரவேண்டும்" என்பதே பதில். மார்ச் மாதம் பிறந்ததும் எப்படியோ நிதி வந்து, சுற்றுச்சுவருக்கும் நுழைவாயிலுக்கும் புதுவண்ணம் அடிக்கப்படுகிறது. வீட்டு வாடகைப்படி எனக்குக் கிடையாது. குடியிருப்புக்கான பிடித்தமோ மாதம் தவறாமல் சம்பளத்தில் கழிகிறது. அந்த ஒரு பணி மட்டும் புகார் எண் இல்லாமலேயே காலத்தில் நிறைவடைந்துவிடுகிறது.

எழுத எழுதக் குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்தருள வேண்டும். தங்கள் பிரிவில் ஆள் குறைவு என்பதும், இருப்பவர்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: மேல்தளக் குளியலறைத் தரையைப் பெயர்த்துக் கசிவை அடைத்து, மீண்டும் நீர் தேக்கிச் சோதித்துப் பாருங்கள். அது தேறிய பிறகு எங்கள் சுவரின் உப்பிய பூச்சைக் கொத்தி எடுத்து, நன்றாக உலரவிட்டு, புதிதாகப் பூசுங்கள். அதுவரை, இதே பிளாக்கில் ஓராண்டாகப் பூட்டிக் கிடக்கும் தரைத்தள வீட்டில் நாங்கள் தற்காலிகமாகத் தங்க அனுமதி கொடுத்தால் என் மகள் படுத்துத் தூங்குவாள். பணி தொடங்கும் நாளை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மேல்வீட்டார் எந்த நாளானாலும் தரையைப் பெயர்க்கச் சம்மதம் என்று கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதத்தை இதனுடன் இணைத்துள்ளேன். நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருப்பேன். வருபவர் உளியும் சுத்தியலும் கொண்டுவந்தால் காபியோடு வரவேற்போம். பெயின்ட் வாளியோடு மட்டும் வந்தால், மன்னிக்கவும், கதவைத் திறக்க மாட்டோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சி பிளாக் குடியிருப்பாளர்