அந்தத் துண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, மக்சிக்

அன்புள்ள மக்சிக், அக்கா, அண்ணன், தம்பிமார் எல்லாருக்கும்,

மனநலம் சரியில்லாதவர்களால் தாக்கப்பட்ட எங்களையும் வழக்கில் கவனியுங்கள் என்று கேட்கும் எங்கள் கடிதத்தைப் போன வாரம் சிங்கப்பூரின் சட்ட அமைச்சுக்கும் உள்துறை அமைச்சுக்கும் அனுப்பிவிட்டோம். பதில் எப்போது வருமோ, என்ன வருமோ. அது வரும்வரை காத்திருந்து நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் நன்றி, மக்சிக் என்று நான் அழைக்கும் பக்கத்து வீட்டு மலாய் அத்தைக்கு. உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்கின் மின்தூக்கி வாசலில், நான் வேலைக்குக் கிளம்பிய காலையில், மேல்மாடியில் இருந்த ஒருவர் என் கையில் வெட்டினார். நான் அவரை வாழ்க்கையில் இரண்டு முறைதான் பார்த்திருப்பேன். சத்தம் கேட்டு ஓடி வந்த நீங்கள் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து என் கையைக் கட்டினீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை "சபார், சபார்" (பொறு, பொறு) என்று சொல்லிக்கொண்டே என் தலையை மடியில் வைத்திருந்தீர்கள். கறை போகவில்லை, அதனால் துண்டைத் திருப்பித் தரவில்லை.

சமூக மன்றத்தின் இலவசச் சட்ட ஆலோசனையில் எனக்குக் கிடைத்த வழக்கறிஞர் தம்பிக்கு என்ன சொல்வது? இருபது நிமிடம்தான் ஒதுக்கியிருந்தார்கள், நீங்கள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தீர்கள். என்னை வெட்டியவர் மனநலம் சரியில்லாதவர், வழக்கு நிற்கிறது என்று மட்டுமே எனக்கு அதுவரை தெரியும். இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்று நீங்கள்தான் பிரித்துக் காட்டினீர்கள். வெட்டிய நேரத்தில் அவர் மனம் எந்த நிலையில் இருந்தது என்பது ஒன்று. அது தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. 2020 ஜனவரி 1 முதல் அந்தப் பிரிவு விரிவாகி, தன் செயலைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை முழுவதும் இழந்தவரையும் சேர்த்துக்கொள்கிறது. இன்றைக்கு விசாரணையைப் புரிந்துகொண்டு தன் தரப்பைச் சொல்ல அவரால் முடியுமா என்பது இன்னொன்று. சந்தேகம் வந்தால் நீதிமன்றம் அவரை மனநல மருத்துவமனையில் ஒரு மாதம் வரை கண்காணிப்பில் வைக்கச் சொல்லலாம். முடியாது என்று தெரிந்தால், அவர் தேறும்வரை வழக்கு நிற்கும்.

நிற்கட்டும். புரியாத ஒருவரைக் கூண்டில் நிறுத்தி விசாரிப்பது நியாயம் இல்லை என்று இப்போது நானும் சொல்கிறேன். ஆனால் நின்ற வழக்கோடு நானும் நின்றுவிட்டேன். மூன்று முறை விடுப்பு எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போய், இன்று விசாரணை இல்லை என்று வாசலில் தெரிந்துகொண்டு திரும்பினேன். அவர் எங்கே இருக்கிறார், வீடு திரும்புவாரா, நான் மின்தூக்கியில் ஏறலாமா? கேட்க ஆள் இல்லை. பாதிக்கப்பட்டவர் தனக்கு நேர்ந்ததை எழுதிக் கொடுக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 228ஆம் பிரிவில் இருக்கிறது, ஆனால் அது தண்டனை முடிவாகும் கட்டத்துக்கானது. தண்டனையே வராத வழக்கில் என் தாளை நான் யாரிடம் கொடுப்பது? மனநிலை காரணமாக விடுதலை கிடைத்தாலும், அந்தச் செயலைச் செய்தாரா இல்லையா என்பதை நீதிமன்றம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 251ஆம் பிரிவு கேட்கிறது. அந்த ஒரு வரியைக் காட்டியபோது நான் அழுததற்குத் தம்பி, மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்றீர்களே, அதற்கும் நன்றி.

நாங்கள் கேட்பது பெரிதில்லை. அவர் நிலை மாறும் ஒவ்வொரு கட்டத்திலும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். தண்டனை இல்லாத வழக்கிலும் எங்கள் எழுத்தைப் படியுங்கள். அவர் வெளியே வரும்போது சிகிச்சை தொடர்கிறதா என்று யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைப் போலவே அடிபட்ட டாக்ஸி ஓட்டும் அண்ணனும் துணைப்பாட ஆசிரியை அக்காவும் இல்லாவிட்டால் இந்த மூன்று வரிகளும் வந்திருக்காது. ஆசிரியை அக்கா நடு இரவில் மன உளைச்சலில் இருப்பவர்களுக்கான உதவி எண் 1767-ஐ அழைத்துப் பேசியதாக எங்களிடம் சொன்ன பிறகுதான் எனக்கும் அழைக்கத் துணிவு வந்தது. மறுமுனையில் பேசியவரின் பெயர் தெரியாது, அவருக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற மனநலத் தாதி அக்கா, முதல் நகலில் நாங்கள் எழுதியிருந்த 'பைத்தியம்' என்ற சொல்லை ஐந்து இடத்தில் சிவப்புப் பேனாவால் அடித்தீர்கள். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தொட்டதுகூட இல்லை, உங்கள் கடிதத்தால் அவர்களுக்கு வலிக்கக் கூடாது என்றீர்கள். அன்று கொஞ்சம் கோபம் வந்தது. இப்போது அந்தத் திருத்தம் இல்லாத கடிதத்தில் நான் கையெழுத்திட்டிருக்கவே மாட்டேன்.

கடைசியாக, என்னை வெட்டியவரின் அம்மாவுக்கு.

அம்மா, நீங்கள் எங்கள் கூட்டத்துக்கு வந்து கதவருகே நின்றபோது எனக்குக் கை நடுங்கியது. சம்பவத்துக்கு முன்பே மகனைச் சிகிச்சைக்குச் சேர்க்க அலைந்ததைச் சொன்னீர்கள். இன்னும் எதுவும் நடக்கவில்லையே என்று திருப்பி அனுப்பப்பட்டதையும் சொன்னீர்கள். ஆபத்து உடனடியாக நிகழ்ந்தே ஆக வேண்டும் என்று காவல்துறை காத்திருக்கத் தேவையில்லை என 2024 ஏப்ரலில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. உங்களுக்கு அது தாமதம், எனக்கும் தாமதம். இருந்தும், இனி இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்று எங்கள் கடிதத்தில் ஒரு பத்தியை உங்கள் கையால் எழுதினீர்கள். நான்கு கையெழுத்துகளில் நான்காவது உங்களுடையது.

தீபாவளிக்கு வீட்டுக்கு வாருங்கள், அம்மா. மின்தூக்கி வாசலில் நான் நிற்கிறேன்.

நன்றியுடன்,
உட்லண்ட்ஸிலிருந்து உங்களில் ஒருத்தி