சுவர் காயட்டும், பிறகு வண்ணம்

ஐயா,

புதுச்சேரியில் தெருச்சுவர்களை இளம் ஓவியர்களுக்கு ஒதுக்க இருப்பதாக வந்த செய்தி கண்டேன். வரவேற்கலாம், ஆனால் எந்தச் சுவர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடலோரத்துப் பழைய சுண்ணாம்புப் பூச்சின் மேல் அக்ரிலிக் எமல்ஷன் (பிளாஸ்டிக் படலமாகக் காயும் பெயின்ட்) அடித்தால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உப்பு பூத்து, வண்ணம் பொருக்குப் பொருக்காக உதிரும். தரையிலிருந்து இரண்டடி வரைதான் முதலில் போகும். ஓவியரின் கையெழுத்தும் பெரும்பாலும் அங்கேதான்! அத்தகைய சுவருக்குச் சுண்ணாம்பு வண்ணமே பொருந்தும். புதிய சிமென்ட் பூச்சென்றால் 28 நாள் பொறுத்து, ஈரம் இருக்கிறதா என்றறிய ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் நாற்புறமும் டேப்பால் ஒட்டி ஒருநாள் விட வேண்டும். தாளின் உட்புறம் நீர் அரும்பினால் வண்ணத்தைத் தொடக்கூடாது. காய்ந்தபின் சிமென்ட்டின் காரத்தன்மையைத் தாங்கும் பிரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) ஒரு கோட் அவசியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பிப்ரவரிக்குப் பிறகு பணியைத் தொடங்குவதுடன், பிரைமர் செலவையும் நகராட்சியே ஏற்கலாம்.

– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி