பாடத்திட்டம் எழுதும்போதே மாணவர்களைக் கேளுங்கள்

தேசிய மருத்துவ ஆணையத்தின் இளநிலை மருத்துவக் கல்வி வாரியத்தாருக்கு,

வணக்கம்.

2019இல் திறன்சார் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது எம்.பி.பி.எஸ். சேர்ந்த முதல் வகுப்பு எங்களுடையது. முதலாண்டிலேயே நோயாளிகளைப் பார்க்க வைத்ததும், அவர்களிடம் பேசுவதையே ஒரு பாடமாக்கியதும் நல்ல மாற்றங்கள். மனமார நன்றி சொல்கிறேன். ஆனால் ஒவ்வொரு செய்முறையையும் செய்து பழகியதற்குச் சான்றாகக் குறிப்பேட்டில் கையெழுத்து வாங்கப் பேராசிரியர் அறை வாசலில் இருட்டும்வரை நின்றவர்களும் நாங்கள்தான். தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரே நாளில் முப்பது கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அவற்றில் எத்தனையை என் கையால் செய்து பார்த்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பயிற்சி மருத்துவராகப் புறநோயாளிப் பிரிவில் அமர்ந்த முதல் வாரம், ஒரு பாட்டி ‘கிறுகிறுப்பு’ என்றார். தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, நடக்கையில் தள்ளாடுகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, பரிசோதனை வேறு. ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டைத் தேர்வில் எழுதித் தேறியவள் நான். தாய்மொழியில் கேட்கத் தெரியவில்லை. அன்றே நானும் தோழிகளும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினோம்: குடைச்சல், நெஞ்சுக் கரிப்பு, படபடப்பு, சூடு பிடித்தல், வாயுப் பிடிப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அடுத்து என்ன கேட்க வேண்டும் என்ற குறிப்பு. இன்று இளைய வகுப்பினர் அதை நகலெடுத்துப் படிக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். சேர்ந்ததும் நடந்த அறிமுகப் பயிற்சியில் மொழி வகுப்பு இருந்தது. தமிழ் தெரிந்தவர்களுக்கு அது தேவையில்லை என்று எல்லோரும் நினைத்துவிட்டோம். இந்தக் குறை வார்டில் நிற்பவர் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

2024 ஆகஸ்ட் இறுதியில் நீங்கள் வெளியிட்ட பாடத்திட்ட வழிகாட்டுதல்கள், பெண்களிடையேயான தன்பாலின உறவை ‘இயற்கைக்கு மாறான’ குற்றங்களின் வரிசையில் வைத்திருந்தன. இத்தகைய பாடங்களைத் திருத்துவது குறித்து 2021லேயே சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் அந்த வழிகாட்டுதல்களைத் திரும்பப் பெற்றீர்கள். வரைவை நான்கு மாணவர்களிடம் காட்டியிருந்தால் அச்சேறும் முன்பே சொல்லியிருப்பார்கள்.

ஆண்டு முடிந்தபின் நிரப்பித் தரும் கருத்துப் படிவம் போதாது. அதில் எழுதுவது எங்களுக்குப் பயன்படாது. அடுத்த வகுப்புக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியாது. ஒவ்வொரு கல்லூரியின் பாடத்திட்டக் குழுவிலும், உங்கள் வரைவுக் குழுவிலும், மாணவர்களே தேர்ந்தெடுத்த இருவருக்கு வாக்குரிமையோடு இடம் கொடுங்கள். அவர்களுள் ஒருவராவது பயிற்சி மருத்துவராக இருக்கட்டும். அவர்கள் சொன்னதை ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

எங்கள் நோட்டு நூறு பக்கங்களைத் தாண்டிவிட்டது. கேட்டால் அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
2019ஆம் ஆண்டு வகுப்பைச் சேர்ந்த ஒரு மருத்துவர்,
தமிழ்நாடு