லைன் அறுந்தால் விண்ணப்பமும் அறுந்து போக வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை நாட்களில் மலைப்பகுதி மாணவர்கள் உதவித்தொகை விண்ணப்பத்தை ஆன்லைனில் அனுப்ப முடியாமல் தவிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். செல்போன் டவர்களைக் கூட்ட வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். கூட்டட்டும், நானும் அதைக் கேட்கிறவன்தான். ஆனால் டவர் வந்தாலும் தீராத ஒரு கோளாறு இதில் இருக்கிறது, அது அந்த விண்ணப்பத் தளத்தை எழுதியிருக்கும் விதத்தில் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன்னால் இதே கோத்தகிரிப் பக்கம், இதைவிட மோசமான லைனில் கம்ப்யூட்டர் வழியாகக் கடிதம் அனுப்பி வாங்கியவன் நான், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

பொதுமக்களுக்கு இன்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை போன்ற பெருநகரங்களில் தொடங்கியது. எங்களுக்கு அது எட்டாத தூரம். கோவையில் என் நண்பர் ஒருவர் தன் வீட்டு போனிலேயே ஒரு பிபிஎஸ் வைத்திருந்தார், அதாவது பலரும் போன் வழியாக வந்து கடிதம் போட்டு எடுக்கும் ஒரு கம்ப்யூட்டர் அறிவிப்புப் பலகை (போர்டு). ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த போனை, கம்ப்யூட்டரை போன் லைனோடு இணைக்கும் மோடம்தான் எடுக்கும். அந்த போர்டு ஃபிடோநெட் என்ற வலையில் சேர்ந்திருந்தது. அமெரிக்காவில் டாம் ஜென்னிங்ஸ் 1984-ல் ஆரம்பித்த வலை அது, 1990-களின் நடுவில் உலகம் முழுக்க சுமார் 40 ஆயிரம் கம்ப்யூட்டர்கள் அதில் இருந்தன. பெரும்பாலும் என் நண்பரைப் போலத் தனி ஆட்கள், தங்கள் சொந்தச் செலவில் நடத்தியவை. ஒவ்வொன்றுக்கும் மண்டலம், வலை, கணு என்று எண்களால் ஆன முகவரி இருந்தது, ஆசியாவுக்கு அப்போது மண்டலம் 6. என் 386 கம்ப்யூட்டர் நண்பருடைய கணுவுக்குக் கீழே ஒரு பாயிண்ட், அதாவது பெரிய தபால் நிலையத்துக்குக் கீழே இருக்கும் கிளை மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரும் நானும் உட்கார்ந்து அதை அமைத்தோம். ஃபிரன்ட்டோர் என்ற மென்பொருள் மெயிலர், போன் போட்டு தபால் பையைக் கொடுத்து வாங்குவது அதன் வேலை. ஜிஎக்கோ என்பது டாஸர், வந்த பையைப் பிரித்து யாருக்கு எது என்று போடுவதும், போக வேண்டியதைக் கட்டிச் சுருக்கி வைப்பதும் அதன் வேலை. மெயிலர் வேலையை முடித்ததும் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வெளியே வரும், அந்த எண்ணைப் பார்த்து, கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு பேட்ச் ஃபைல் டாஸரை ஓட்டும், டாஸர் முடிந்ததும் மறுபடி மெயிலர் ஏறிக்கொள்ளும். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் யாரும் பக்கத்தில் இல்லாமலே இந்தச் சுற்று தானாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக கம்ப்யூட்டர் தொடங்கும்போதே ஓடும் ஆட்டோஎக்ஸெக் ஃபைலின் கடைசி வரியில் அதைச் சேர்த்து வைத்தோம்.

கோவையில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடியது. மலைக்குக் கொண்டுவந்து சொருகினால் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் ஊர் எக்ஸ்சேஞ்ச் பழையது, டோன் முறையில் டயல் செய்தால் அதற்குப் புரியாது, அதனால் டயல் கட்டளையில் டி-க்குப் பதில் பி போட்டுப் பல்ஸ் முறைக்கு மாற்றினேன். எங்கள் டயல் டோனை மோடம் டயல் டோன் என்றே ஒத்துக்கொள்ளவில்லை, அதற்கு எக்ஸ்3 என்ற கட்டளை, டோன் கேட்கும்வரை காத்திருக்காமல் டயல் செய்துவிடும். எதிர்முனை மோடம் பதில் சொல்ல எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பது எஸ்7, அதைக் கூட்டினேன். அப்புறம் எஸ்10. லைனில் ஒரு கணம் சத்தம் அறுந்தால் எவ்வளவு நேரம் கழித்து போனை வைக்க வேண்டும் என்று சொல்லும் இடம் அது. எங்கள் லைன் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே சில்வர் ஓக் மரங்களை உரசிக்கொண்டு வருகிறது, காற்றடித்தால் ஒரு நொடி செத்துப் பிழைக்கும். அந்த ஒரு நொடிக்குப் பயந்து போனை வைக்காதே, பொறு என்று மோடத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். என்னிடம் இருந்தது நொடிக்கு 14,400 பிட் வேக மோடம், ஆனால் அந்த வேகத்தில் தொடர்பு பாதியில் பாதியில் அறுந்தது. 9,600-க்கு மேல் போகாதே என்று பூட்டிய பிறகுதான் வேலை சீக்கிரம் முடிந்தது.

இத்தனை செய்தும் பெருமழை நாளில் அறுந்தது. அறுந்தால் என்ன? இஸட்மோடம் என்ற முறையில்தான் ஃபைல்கள் போகும், பாதியில் நின்றால் அடுத்த அழைப்பில் விட்ட பைட்டிலிருந்தே தொடரும், ஏற்கெனவே போய்ச் சேர்ந்த பகுதியைத் திரும்ப அனுப்பத் தேவையில்லை. கோவை முனை முழுசாக வாங்கிக்கொண்டேன் என்று சொல்லும்வரை என் கம்ப்யூட்டர் அந்தக் கடிதக் கட்டைத் தன் அவுட்பவுண்ட் டைரக்டரியில், அதாவது போக வேண்டியவை இருக்கும் இடத்தில், பத்திரமாக வைத்திருக்கும். இன்று இல்லாவிட்டால் நாளை ராத்திரி போகும். நாளையும் இல்லாவிட்டால் மறுநாள். ஒரு நவம்பரில் ஐந்து நாள் போன் செத்துக் கிடந்தது, ஆறாவது நாள் ராத்திரி அத்தனை கடிதமும் ஒன்றுகூடக் குறையாமல் போய்ச் சேர்ந்தது.

தவறும் நடந்தது. இரண்டு வாரம் என் கடிதங்கள் போய்ச் சேர்ந்த மாதிரி இருந்தது, ஆனால் யாரும் பதில் போடவில்லை. மெயிலர் பார்க்கும் பாஸ்வேர்டு வேறு, டாஸர் ஒவ்வொரு கட்டிலும் பார்க்கும் பாஸ்வேர்டு வேறு. நான் இரண்டாவதில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டிருந்தேன். அதனால் பை வாங்கப்பட்டது, பிரிக்கப்படவில்லை, அத்தனையும் நண்பரின் கம்ப்யூட்டரில் சந்தேகக் கட்டுகளுக்கான டைரக்டரியில் கிடந்தது. ஆனால் கிடந்தது, அழிக்கப்படவில்லை. எழுத்தைத் திருத்தி டாஸரை ஒரு முறை ஓட்டினோம், இரண்டு வாரக் கடிதமும் போய்விட்டது. இன்னொரு முறை மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டர் தேதி 1980-க்குப் போய்விட்டது, கடிகாரம் தப்பாகி ராத்திரி 11 மணிக்கு மேல் நாலில் ஒரு பங்கு கட்டணத்தில் போட வேண்டிய எஸ்டிடி (வெளியூர்) அழைப்பைப் பட்டப்பகலில் போட்டது. பில் வந்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து பேட்டரியை வருடம் ஒரு முறை மாற்றினேன்.

அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சாயங்காலம் வந்து என் மேஜையில் உட்கார்ந்து கடிதம் தட்டிவிட்டுப் போவார்கள், தமிழை ஆங்கில எழுத்தில். எதிர்வீட்டு அக்காவின் மகன் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தான், அவனுக்கு, எங்கள் வலையையும் இன்டர்நெட்டையும் இணைக்கும் கேட்வே வழியாக இன்டர்நெட் முகவரிக்கே போகும். ஏர்மெயிலில் பத்து நாள் ஆகும் பதில் மூன்றாம் நாள் வந்துவிடும். அந்த அக்கா என் வீட்டு லைன் அன்றைக்கு உயிரோடு இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. எழுதி வைத்தால் போகும் என்று அவருக்குத் தெரியும்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊர்) ஒரு மாணவி, கல்லூரி முதல் வருடம், உதவித்தொகைக்கு செல்போனில் விண்ணப்பம் போட என் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டு மொட்டை மாடியில்தான் சிக்னல் இரண்டு கோடு காட்டும். ஐந்து பக்கம் நிரப்பினாள், சாதிச் சான்று, வருமானச் சான்று, பேங்க் பாஸ்புக் எல்லாம் போட்டோ எடுத்து ஏற்றினாள். நாலாவது ஃபைல் ஏறும்போது மஞ்சு (மூடுபனி) இறங்கியது, மழை பிடித்தது, சிக்னல் போனது. திரும்ப வந்தபோது உங்கள் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி முதல் பக்கத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அன்றைக்கு மூன்று முறை இப்படி ஆனது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அனுப்பிவிட்டு வந்தாள், ஒரு நாள் வகுப்பும் பஸ் காசும் போனது. அவளால் மேட்டுப்பாளையம் போக முடிந்தது. மலைச்சரிவு விழுந்து ரோடும் அடைபட்டிருந்தால்? 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி நீலகிரி முழுக்க ரோடுகள் அறுந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

4 எம்பி ராம் இருந்த என் 386 செய்த வேலையை அந்தப் பிள்ளையின் கையில் இருக்கும் போன் செய்ய முடியாதா? தாராளமாகச் செய்யும், செய்யச் சொல்லி யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். இந்தத் தளங்களை எழுதுகிறவர்கள் லைன் எப்போதும் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்கள், அங்கேயே சோதித்தும் பார்க்கிறார்கள், நாங்கள் கோவையில் வைத்து மோடத்தைச் சோதித்த மாதிரி.

அதனால் உங்கள் நாளிதழ் மூலமாகச் சம்பந்தப்பட்ட துறைகளிடம் நான் கேட்பது இதுதான். நிரப்பிய ஒவ்வொரு பக்கமும் அந்தப் போனிலேயே சேமிக்கப்பட வேண்டும், சிக்னல் இல்லாமலே முழு விண்ணப்பத்தையும் நிரப்ப முடிய வேண்டும். அனுப்பு என்று அழுத்திய பிறகு லைன் கிடைக்கும்போது அது தானாகப் போகட்டும், அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும், முழுசாகச் சேர்ந்தது என்று எதிர்முனை சொல்லும்வரை போனிலிருந்து அழிய வேண்டாம். கடைசித் தேதி விஷயத்தில் தபால் இலாகாவில் முத்திரைத் தேதியைப் பார்க்கிற மாதிரி, மாணவி அனுப்பு என்று அழுத்திய நேரத்தைக் கணக்கில் எடுக்கட்டும். போனின் கடிகாரத்தை மாற்றி ஏமாற்றுவார்கள் என்று சொல்வார்கள். சரி, அப்படியானால் மழையால் சிக்னல் போன நாட்களுக்கு ஈடாக மலை வட்டங்களுக்கு மட்டும் கடைசித் தேதியை அத்தனை நாள் தள்ளிக் கொடுக்கட்டும். தளத்தை வெளியிடும் முன்னால் ஒரு ஆளை ஒரு போனோடு அக்டோபர் மழையில் சோலூர்மட்டத்துக்கோ கொடநாட்டுக்கோ அனுப்பி ஒரு விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லட்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. யாராவது இதை எழுத முன்வந்தால், என் பழைய செட்டப் ஃபைல்களும் லாக் ஃபைல்களும் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, கேட்டால் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.