காந்தியடிகள் நினைவுக் கல்வெட்டு: சொல் மாற்றமும் வேலைக் குறைகளும்

அனுப்புநர்
நினைவுக் கல்வெட்டுக் குழுவினர்,
காரைக்குடி.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
கல்வெட்டு தயாரிப்புப் பிரிவு.

ஐயா,

பொருள்: கல்வெட்டை மாற்றித் தரக் கோருதல்.

காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை நினைவுகூரும் கல்வெட்டு ஒன்றை உங்களிடம் செய்யக் கொடுத்தோம். நாங்கள் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்த வாசகம் இது: "மகாத்மா காந்தி 30.1.1948 வெள்ளிக்கிழமை மாலை 5.17 மணிக்குப் புதுதில்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில், பிரார்த்தனைக்கு நடந்து செல்லும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்." சுவரில் ஏறியிருக்கும் கல்லிலோ "பிர்லா கோயில் வளாகத்தில் அமரரானார்" என்று இருக்கிறது.

கேட்டதற்கு, "கொல்லப்பட்டார் என்று கல்லில் போடுவது அபசகுனம், எல்லாருக்கும் அமரரானார் என்றுதான் போடுவோம்" என்றார் உங்கள் ஊழியர். வீட்டுப் பெரியவர்களின் நினைவுக் கல்லுக்கு அது சரி. இங்கே அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் கல்லே எதற்கு? நோயில் விழுந்தோ மூப்பாலோ போனவர் அல்ல அவர். மிக அருகிலிருந்து மூன்று குண்டுகளால் சுடப்பட்டவர். மதுரை காந்தி அருங்காட்சியகத்தில் ரத்தக் கறையோடு இருக்கும் துணியைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை இந்தக் கல்லில் "அமரரானார்" என்று படித்தால் எதை நம்பும்? 1927இல் கதருக்காகச் செட்டிநாட்டு ஊர்களுக்கு வந்து போனவர் அவர். அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை இந்த ஊர்ச் சுவர் மழுப்பக் கூடாது.

அடுத்தது இடம். பிர்லா கோயில் என்பது தில்லியில் உள்ள லட்சுமி நாராயணர் கோயில். 1939இல் காந்தியடிகளே திறந்து வைத்தது. அவர் கடைசியாகத் தங்கியிருந்ததும் சுடப்பட்டதும் பிர்லா மாளிகையில். அது இப்போது காந்தி ஸ்மிருதி. இரண்டும் வேறு வேறு இடங்கள்.

இனி எழுத்து வேலை. 3 மி.மீ. ஆழம் பேசினோம். வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால் பெரிய எழுத்துகளிலேயே 1 மி.மீ.தான் தேறுகிறது. புள்ளிகள் இன்னும் மோசம். எழுத்து வடிவம் வெட்டிய ஸ்டென்சில் தாளைக் கல்லில் ஒட்டி, அதன்மேல் மணலை வேகமாக வீசித்தான் எழுத்தைக் குடைகிறீர்கள். அந்த ஸ்டென்சிலில் புள்ளிக்கான துளை சிறியது. மணல் அதற்குள் சரியாக இறங்காது, எழுத்தின் ஆழத்தில் பாதிகூட வராது. அந்த மேலோட்டமான பள்ளத்தில் தங்க நிற பெயின்ட் பூசி, மேலே வழிந்ததைத் துணியால் துடைத்தபோது புள்ளியில் இருந்ததும் சேர்ந்து போய்விட்டது. "மகாத்மா"வில் 'த்' புள்ளி இழந்து "மகாதமா" ஆகிவிட்டது. "நடந்து" என்பது "நடநது" என்று நிற்கிறது. ஓலைச் சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதினார்கள். அதைப் பழகியவர்கள் படித்தார்கள். இது தெருவில் போகிறவர் படிக்க வேண்டிய கல். மணல் வீச்சு முடிந்ததும் ஒவ்வொரு புள்ளியையும் 5 மி.மீ. டிரில் பிட்டால் 3 மி.மீ. ஆழத்துக்குத் தனியாகக் குடைய வேண்டும். கூடுதலாக அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

கல்லின் கனமும் குறைவு. 3 அடிக்கு 2 அடி, 30 மி.மீ. கருப்பு கிரானைட் என்றால் எடை ஐம்பது கிலோவை ஒட்டி வரும். இறக்கும்போது எடை போட்டோம், முப்பது கிலோகூட இல்லை. ஓரத்தை அளந்தால் 18 மி.மீ.

எங்களை மிகவும் வருத்துவது சுவர். அது செங்கல்லில் கட்டி, சுண்ணாம்பு பூசி, வழவழவென்று தேய்த்து ஏற்றிய பழைய செட்டிநாட்டுச் சுவர். அதில் ஹேமர் டிரில்லைப் போட்டு அதிரவிட்டு, இரும்பு போல்ட் முறுக்கி, பின்பக்கம் முழுக்க சிமென்ட் அப்பியிருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும்; சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் கல்லின் ஓரம் தேடி வந்து உப்பாகப் பூத்திருக்கிறது, கீழ் விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சு உப்பி நிற்கிறது. தட்டினால் பொள்ளல் சத்தம். போல்ட்டுகள் இப்போதே துரு விடுகின்றன. துரு பருத்தால் கல்லின் மூலை தெறிக்கும்.

வாசகம் எழுத்து பிசகாமல், 30 மி.மீ. கனத்தில் புதிய கல் வேண்டும். வெட்டும் முன் ஸ்டென்சில் படியில் எங்கள் கையெழுத்து வாங்குங்கள். மாட்டும்போது அதிர்வில்லாத டிரில், நான்கு மூலைக்கும் எளிதில் துருப்பிடிக்காத 316 தர எவர்சில்வர் பின், சுவருக்கும் கல்லுக்கும் இடையே 10 மி.மீ. இடைவெளி. சிமென்ட் ஒரு கரண்டிகூட வேண்டாம். பெயர்ந்த பூச்சைச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வைத்துச் சரிசெய்யும் செலவும் உங்களுடையது.

வரும் ஜனவரி 30க்கு முன் இவை முடிய வேண்டும். 15 நாளில் எழுத்து மூலமான பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். கையெழுத்திட்ட வாசகப் படி, ரசீது, அளவெடுத்த படங்கள் இணைத்துள்ளோம். பழைய கல்லைக் கழற்ற ஆள் அனுப்பும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். சுவரில் கை வைக்கும்போது எங்களில் ஒருவர் உடன் இருப்போம்.

இப்படிக்கு,
கல்வெட்டுக் குழுவினர்