சிறுநீர்ப்பை விஷயத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பாருங்கள்

தண்டுவடக் காய ஆராய்ச்சியாளர்களுக்கும் மறுவாழ்வு மருத்துவர்களுக்கும்,

வணக்கம். தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த பெண் நான். எங்கள் சிறுநீர்ப்பையைப் பற்றி ஆராயும்போதும் சிகிச்சை சொல்லும்போதும் ஆண், பெண் இருவரையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

அடிப்படைக் கோளாறு இருவருக்கும் ஒன்றுதான். பலருக்குப் பை தானாகச் சுருங்கும், வாயிலில் உள்ள தசை திறக்க மறுக்கும், உள்ளே அழுத்தம் ஏறிச் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். 1972-இல் அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லேப்பிடஸ் முன்வைத்த முறைதான், அதாவது சுத்தமான குழாயை அவ்வப்போது செலுத்திப் பையைக் காலி செய்வது, எத்தனையோ பேரின் சிறுநீரகத்தைக் காப்பாற்றி வருகிறது. ஆனால் அந்தக் குழாய் போகும் வழி ஆணுக்குச் சுமார் 20 செ.மீ., பெண்ணுக்குச் சுமார் 4 செ.மீ. ஆணுக்கு வழியில் தழும்பு விழுந்து அடைப்பு வரலாம். எங்களுக்கு வழி குட்டை, ஆனால் துவாரம் கண்ணில் படாது.

நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறி, உடையை இறக்கி, கால்களை அகட்டி, நடுவில் கண்ணாடியை நிறுத்த வேண்டும். ஒரு கையால் விலக்கி மறு கையால் குழாயைக் கொண்டுபோகும் நேரம் பார்த்துத் தொடை வெட்டி இழுக்கும், கால்கள் மூடிக்கொள்ளும், கண்ணாடி சாயும். குழாய் தொடையில் பட்டுவிட்டால் அதை வீசிவிட்டு வேறொன்றைப் பிரிக்க வேண்டும். நாலைந்து மணி நேரம் கழித்து மறுபடியும் இதே வேலை. எனக்குக் கற்றுக்கொடுத்த இடத்தில் காட்டிய படமும் பொம்மையும் ஆணுடையவை.

ஆண்களுக்கு ஆணுறை போல மாட்டிக்கொள்ளும் வெளிக்குழாயாவது உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தபடி நம்பி அணிய எங்களுக்கு அதற்கு ஈடாகக் கிடைப்பது அரிது. அதனால் பல பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள், அல்லது பைக்குள்ளேயே விட்டுவைக்கும் நிரந்தரக் குழாய்க்குப் போய்விடுகிறார்கள். அந்தக் குழாய் வருடக்கணக்கில் உரசித் துவாரத்தை அரித்துவிட்டால் ஓரமாக ஒழுகும். அப்புறம் அறுவை சிகிச்சைதான்.

ஆராய்ச்சியிலும் பெண்ணுக்கு இதே கதிதான். தண்டுவடம் அடிபட்ட எலியின் வயிற்றைத் தினமும் கையால் அழுத்திச் சிறுநீரை எடுக்க வேண்டும். பெண் எலியில் அது சுலபம் என்பதால் பெரும்பாலும் பெண் எலிகளையே எடுக்கிறீர்கள். ஆனால் மனிதர்களிடம் வரும்போது, அடிபட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் ஆண்கள் என்பதால் சோதனையில் சேருபவர்களும் அவர்களே. இடையில் வரும் கொஞ்சம் பெண்கள் சராசரிக்குள் கரைந்துபோகிறார்கள்.

எண்ணிக்கை குறைவு என்பது சரி. அதற்காக மறைக்க வேண்டாம். பெண்களின் முடிவுகளைத் தனியாக வெளியிடுங்கள், பல மையங்கள் சேர்ந்து தரவைத் திரட்டுங்கள். மாதவிடாய், கர்ப்பம், மாதவிடாய் நின்ற பிறகு வரும் மாற்றம் ஆகியவற்றையும் குறித்துவையுங்கள்.

மறுவாழ்வு மருத்துவர்களிடம் இன்னொன்று. ஒரு பெண்ணின் கையில் முதல் குழாயைக் கொடுக்கும் அன்று, தினமும் தானே அதைச் செலுத்திக்கொள்ளும் இன்னொரு பெண்ணை அழைத்துவந்து சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
தண்டுவடக் காயத்தோடு வாழும் ஒரு பெண்