திருமங்கலத்துக்கு ஒரு கோர்கிக் குட்டி

விண்ட்சர், இங்கிலாந்து
மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ‘ராணி வளர்த்த ஜாதி’ என்று சொல்லித்தான் அந்தக் கோர்கி நாய்க்குட்டியை உன் தலையில் கட்டியிருப்பார்கள். அது பொய்யும் இல்லை. 1944-ல் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு, பின்னாளில் பிரிட்டன் ராணியான எலிசபெத்துக்கு அவருடைய அப்பா கொடுத்த சூசன் என்ற கோர்கி, 1947-ல் தேனிலவுக்கே கூடப் போனது. பிறகு அரண்மனையில் வளர்ந்த கோர்கிகள் அநேகமாக எல்லாமே அதன் வாரிசுகள்தான். அந்த வழியின் கடைசிக் கோர்கியான வில்லோ 2018-ல் போய்ச் சேர்ந்தது.

ஆனால் இது மடியில் வைத்துக் கொஞ்சப் பிறந்த நாய் இல்லை. வேல்ஸ் நாட்டில் மாடு ஓட்டிய நாய். அவர்கள் பாஷையில் கோர்கி என்றாலே குள்ள நாய்தான். பின்னாலிருந்து மாட்டின் குதிகாலைக் கவ்விவிட்டுப் படுத்துக்கொள்ளும், மாடு விடும் உதை தலைக்கு மேலே போய்விடும். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. பிள்ளைகள் வாசலில் ஓடினால் காலைக் கவ்வத்தான் பார்க்கும். அடிக்காதே. கவ்வியதும் பிள்ளைகளை அசையாமல் நிற்கச் சொல், விளையாட்டு நின்றுவிட வேண்டும். விட்டதும் ஒரு துண்டு கேரட் கொடு. இரண்டு நாய் சண்டை போட்டால் நடுவில் கையை விடாதே. 1991-ல் அப்படி விலக்கப் போய் ராணிக்கே கையில் மூன்று தையல்.

உன் முதல் எதிரி வெயில். இதற்கு முடி இரண்டு அடுக்கு, அடியில் பஞ்சு மாதிரி ஒன்று, மேலே முரடாக ஒன்று. சித்திரை வந்ததும் மொட்டை அடித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கூடவே கூடாது. மேல்முடிதான் வெயில் தோலில் படாமல் காக்கிறது, வெட்டினால் பழையபடி ஒழுங்காக முளைப்பதும் சந்தேகம். வாரத்துக்கு மூன்று தடவை சீவு, கொட்டுகிற காலத்தில் தினமும். நடை காலை ஆறரைக்குள், பிறகு பொழுது சாய்ந்து தார் ஆறினபின். புறங்கையை ரோட்டில் ஐந்து வினாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வெந்துபோகும். வயிறு தரையிலிருந்து நாலு விரல்கடைதான், சூடு நேரே மேலே ஏறும்.

நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக ஒழுகி, தள்ளாடினால் உடனே நிழலுக்குத் தூக்கிப் போய்க் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்று, ஃபேன் போடு. ஈரத்துண்டைப் போர்த்தி விடாதே, சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். குளிரவைத்த பிறகுதான் டாக்டரிடம் போக வண்டி.

அடுத்தது முதுகு. நீள முதுகு, குட்டைக் கால், முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கிவிடும். கட்டிலிலிருந்தும் மாடிப்படியிலிருந்தும் குதிக்க விடாதே. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்தொடைக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக. முன்னங்காலைப் பிடித்துத் தூக்கினால் நானே ஊருக்கு வந்து திட்டுவேன். பின்னங்காலை இழுத்து நடந்தால் காலையில் பார்க்கலாம் என்று விடாதே, அன்றைக்கே டாக்டர்.

வளர்ந்த நாய் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோதான். இரண்டு கிலோ கூடினால், அறுபது கிலோ ஆள் பத்துக் கிலோவுக்கு மேல் ஏறின கணக்கு, அத்தனையும் அந்த முதுகில். அம்மா பாசத்தில் அள்ளிப் போடுவாள், அங்கேதான் கெடும். அளந்து வை. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நஞ்சு. பாயசத்துக் கிஸ்மிஸும் திராட்சைதான் என்று அம்மாவிடம் சொல். வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். அரண்மனையில் ராணியே கரண்டியால் கலந்து வைப்பாராம், அதுவும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தட்டில்.

இங்கே தெருநாய் என்று ஒன்றைப் பார்க்க முடியாது. எட்டு வாரத்துக்குள் குட்டியின் தோலுக்கடியில் அடையாளச் சிப் வைக்க வேண்டும், வெளியே போனால் கழுத்துப்பட்டையில் சொந்தக்காரர் பேரும் விலாசமும் இருக்க வேண்டும், இதெல்லாம் சட்டம். போன இடத்தில் அது அசிங்கம் பண்ணி, நாம் அதைப் பையில் அள்ளாவிட்டால் அபராதம். கோட்டு சூட்டு போட்ட மனிதர் ஒரு கையில் நாய்க்கயிறு, மறு கையில் அந்தப் பையோடு போவது இங்கே அன்றாடக் காட்சி. வெறிநாய்க்கடி நோய் இங்கே இல்லாததால் அதற்கான ஊசியை எல்லா நாய்க்கும் போடுவதில்லை. அதைப் பார்த்து நீ விட்டுவிடாதே. நம்மூரில் மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு வருஷா வருஷம் டாக்டர் சொன்ன நாளில். உண்ணி இன்னொரு தொல்லை. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினம் தடவிப் பார்.

அடுத்த கடிதத்தில் குட்டியை மேலே நின்று எடுத்த போட்டோ ஒன்று வை. விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்கித் தெரிகிறதா என்று பார்த்து, சோற்றளவு சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா